பால்தோ சொன்ன பதில்

மனுவேல் அர்கில்யாவின் ‘அண்ணன் லியோன் மனைவியை அழைத்து வந்த விதம்’ பிலிப்பைன்ஸ் பள்ளி, கல்லூரிப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் சிறுகதை. அதை வகுப்பில் நடத்தும் முறையும் ஏறக்குறைய உறைந்துபோய்விட்டது. பட்டணத்துப் பெண் கிராமத்துக்கு வருகிறாள். மாமனார் அவளை மறைமுகமாகச் சோதிக்கிறார். அவள் தேறிவிடுகிறாள், குடும்பம் அவளை ஏற்றுக்கொள்கிறது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கிராமம் என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. இந்தச் சுருக்கத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் கதையின் உயிர்நாடியான இடம் இதில் தவறிவிடுகிறது. தந்தை கேட்கும் ஒரு கேள்விக்குச் சிறுவன் பால்தோ முழு உண்மையல்லாத பதில் ஒன்றைச் சொல்கிறான். அந்தப் பதிலை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்படி பாடத்தை அமைத்தால், சிறுகதை என்ற வடிவம் எப்படி இயங்குகிறது என்பதைக் கோட்பாட்டு விரிவுரை ஏதுமில்லாமல் அவர்களுக்குக் காட்டிவிடலாம். இந்தக் கட்டுரை அதற்கான வழியைத்தான் பேச முயல்கிறது.

கதை நடக்கும் நேரம் ஒரு சாயங்காலமும் அதைத் தொடரும் முன்னிரவும் மட்டுமே. பட்டணத்தில் படித்த லியோன் தன் மனைவி மரியாவை முதன்முறையாகச் சொந்த ஊருக்கு அழைத்து வருகிறான். கா செலின் என்பவரின் குதிரை வண்டியில் ஓரிடம் வரை வந்து இறங்குகிறார்கள். அங்கே தம்பி பால்தோ மாட்டு வண்டியோடு காத்திருக்கிறான். ‘லபாங்’ என்ற காளை பூட்டிய அந்த வண்டியில், பெருவழியை விட்டுவிட்டு, வயல்களையும் வாயிக் என்ற வறண்ட ஓடைப் படுகையையும் கடந்து மூவரும் வீடு சேர்கிறார்கள். வீட்டில் அம்மாவும் அக்கா அவ்ரேலியாவும் இருக்கிறார்கள். மாடியறை இருட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவர் பால்தோவைக் கூப்பிட்டுச் சில கேள்விகள் கேட்கிறார். பிறகு லியோனும் மரியாவும் அறைக்குள் வருகிறார்கள். அதோடு கதை முடிகிறது. சண்டை இல்லை, மனமாற்றக் காட்சி இல்லை, ஆசீர்வாதமும் இல்லை.

அர்கில்யா 1911ஆம் ஆண்டு லூசோன் தீவின் வடமேற்கில், லா யூனியன் மாகாணத்தின் பவாங் நகரைச் சேர்ந்த நக்ரெப்கான் என்ற சிற்றூரில் பிறந்தவர். கதையில் வரும் ஊரும் அதே பெயர் கொண்ட நக்ரெப்கான்தான். இலோகானோ மொழி பேசும் விவசாயக் குடும்பங்களின் ஊர் அது. மணிலாவில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து 1933இல் கல்வியியலில் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் அங்கிருந்த எழுத்தாளர் மன்றத்தின் தலைவராகவும் அதன் இதழாசிரியராகவும் இருந்தார். எழுத்தாளரான லிதியா வில்யானுவேவாவைத் திருமணம் செய்துகொண்டு மணிலாவின் எர்மீத்தா பகுதியில் குடியேறினார். இந்தக் கதையின் பெயரையே தாங்கிய அவருடைய தொகுப்பு 1940இல் காமன்வெல்த் இலக்கியப் போட்டியில் சிறுகதைக்கான முதல் பரிசைப் பெற்றது. கதைக்குள்ளும் எர்மீத்தா கடற்கரை வருகிறது. லியோனும் மரியாவும் நட்சத்திரம் பார்த்த இடம் அது. ஆனாலும் லியோன்தான் அர்கில்யா என்று மாணவர்களிடம் சொல்லாமலிருப்பது நல்லது. சொல்லிவிட்டால் அவர்கள் கதையை விட்டுவிட்டு வாழ்க்கை வரலாற்றைத் தேடப் போய்விடுவார்கள்.

மொழிச் சூழலை மட்டும் முன்கூட்டிச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஸ்பெயினின் முந்நூற்றாண்டு ஆட்சிக்குப் பிறகு 1898இல் அமெரிக்கா அந்தத் தீவுகளைக் கைப்பற்றியது. 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பலில் சுமார் ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள்; அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியானது. 1908இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் தோன்றியது. 1925இல் பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ் எழுதிய ‘இறந்த நட்சத்திரங்கள்’ வெளிவந்தபோது ஆங்கிலச் சிறுகதை அந்த மண்ணில் வேர்பிடித்துவிட்டதை எல்லோரும் உணர்ந்தார்கள். அர்கில்யா அதற்கு அடுத்த தலைமுறை. அவர் வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் எளியவை. இலோகானோ கிராமத்துப் பேச்சின் நடை ஆங்கிலத்துக்குள் புகுந்து நிற்கும். அண்ணனைப் பால்தோ ‘மனோங்’ என்றே கூப்பிடுகிறான். ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயருக்கு முன்னால் ‘லக்காய்’ வருகிறது. இந்தச் சொற்களுக்கு அடிக்குறிப்பு தந்து வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. கதைப் போக்கிலேயே பொருள் விளங்கிவிடும்.

முதல் வகுப்பில் கதையை உரக்கப் படிக்க வேண்டும். கதையின் முடிவு தெரியாதவர்களாக மாணவர்கள் இருப்பது முக்கியம். ஆகவே முதல் நாளே முழுக் கதையையும் கையில் கொடுக்காமல், ஓடைப் படுகை வரையிலான பகுதியை மட்டும் கொடுக்கலாம். படிக்கும்போது அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பால்தோவின் கண் எங்கே போகிறது?

அந்தக் கண் மரியாவை விட்டு அகலுவதில்லை. வண்டியிலிருந்து அவள் இறங்கும் விதம், அண்ணன் வாய் அளவுக்கு வரும் அவள் நெற்றியின் உயரம், நீண்ட, சாயம் பூசாத நகங்கள், வலக் கன்னத்துக் குழி, பப்பாளி பூத்த காலைப்பொழுதைப் போன்ற அவள் மணம், எல்லாவற்றையும் சிறுவன் வரிசையாகப் பதிவு செய்கிறான். அவளும் அவனை உடனே பெயர் சொல்லி அடையாளம் காண்கிறாள். பெயர்களைப் பற்றியும் அவனுக்குள் ஒரு விசாரணை ஓடுகிறது. ஊர் வழக்கப்படி மாரிங் என்றோ மாயாங் என்றோ சுருக்காமல் அண்ணன் அவளை மரியா என்று முழுசாக அழைப்பதைக் கவனிக்கிறான். அவள் அண்ணனை நோயல் என்கிறாள். லியோன் என்ற பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து கூட்டினால் வருவதுதான் அது என்று கண்டுபிடிக்கிறான். அப்பாவுக்கு இது பிடிக்குமோ என்னவோ என்று ஒரு கணம் யோசிக்கிறான். பிறகு, இப்படிக் கேட்பதுதான் இன்னும் நன்றாயிருக்கிறது என்று தனக்குள்ளேயே முடிவு செய்துவிடுகிறான்.

இங்கே நிறுத்தி மாணவர்களைக் கேட்கலாம்: அப்பா இன்னும் கதைக்குள் வரவில்லை; பிறகு எப்படி வந்துவிட்டார்? பால்தோவின் மனத்தில் அப்பாவின் விருப்பு வெறுப்புகள் ஓர் அளவுகோலாக ஏற்கெனவே இருக்கின்றன. அவர் வீட்டு மாடியில் இருக்கிறார். அவருடைய தராசு வண்டியோடு வந்திருக்கிறது. அந்தத் தராசில் ஒரு பொருள் வைக்கப்படும் முதல் தருணத்திலேயே சிறுவன் அப்பாவின் தீர்ப்புக்குக் காத்திராமல் தன் தீர்ப்பை எழுதிவிட்டான். கதையின் கடைசியில் நடக்கப்போவதன் சிறிய ஒத்திகை இது. இதை ஆசிரியர் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மாணவர் குறிப்பேட்டில் அது பதிவாகியிருந்தால் போதும்.

அடுத்து காளை. லபாங் இந்தக் கதையின் முக்கியமான பாத்திரம். அன்று காலை தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டப்பட்ட வெள்ளைக் காளை. கொம்புகள் நீண்டு வளைந்தவை. அதன் நெற்றியைச் சொறிந்துகொடுக்கலாம் என்று பால்தோ மரியாவிடம் சொல்கிறான். அவள் தயங்குகிறாள். அவள் பார்வை அந்தக் கொம்புகளின் மேல் நிற்பதைப் பால்தோ காண்கிறான். பிறகு அவள் வந்து, தன் நீண்ட விரல்களால் காளையின் நெற்றியைச் சொறிகிறாள். லபாங் அசைபோடுவதை நிறுத்தவில்லை, கண்களை மட்டும் பாதி மூடிக்கொள்கிறது. சற்றுப் பின்னால் காளை கத்தும்போது மரியா அப்படியொரு ஒலியைக் கேட்டதேயில்லை என்று வியக்கிறாள். அப்போது அண்ணனின் கை அவள் தோளைச் சுற்றியிருக்கிறது.

இந்த அரைப் பக்கத்தில் அவசரம் கூடாது. தயக்கம் ஒரே வாக்கியத்தில் வந்துபோகிறது. வேகமாகப் படிப்பவர் கண்ணில் காளையைத் தொட்ட விரல்கள்தான் தங்கும், தயங்கிய கண்கள் தங்காது. மாணவர்களிடம் இப்போதே அதைச் சுட்டிக்காட்டிவிட்டால் பின்னால் அவர்கள் அடையவேண்டிய கண்டுபிடிப்பு பறிபோய்விடும். ஆகவே, இந்த இடத்தில் நடந்தவற்றை வரிசை மாறாமல் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லி விட்டுவிடலாம். தயக்கத்தை எழுதியவர்கள் சிலர் இருப்பார்கள், எழுதாதவர்கள் பலர் இருப்பார்கள். இரு தரப்புக் குறிப்புகளும் பிறகு பயன்படும்.

பயணத்தின் நடுவில் கதையின் ஒரே வன்மையான காட்சி வருகிறது. பொழுது சாய்ந்துவிட்டது. வண்டி பெருவழியில் போகாமல் வயலில் இறங்குவதை லியோன் கவனிக்கிறான். தம்பியின் தோளில் கை வைத்து, யார் இந்த வழியாக வரச் சொன்னது என்று கடுமையாகக் கேட்கிறான். பால்தோ வாய் திறக்கவில்லை. கல் நிரம்பிய ஓடைப் படுகை வந்த பிறகும் பேச்சில்லை. மாட்டுக் கயிற்றால் அடிப்பேன் என்று அண்ணன் மிரட்டுகிறான், விரல்கள் தோளில் அழுந்துகின்றன. அப்போதுதான் அப்பா சொன்னார் என்று பதில் வருகிறது. கை சட்டென்று தோளிலிருந்து விலகுகிறது. கயிற்றை எட்டிப் பிடிக்கும் லியோன் சிரிக்கத் தொடங்குகிறான். காஸ்தான்யோ என்ற குதிரையையும் கலேசா வண்டியையும் விட்டுவிட்டு லபாங்கை வண்டியில் பூட்டச் சொன்னதும் அப்பாதானே என்று சிரித்தபடி கேட்கிறான். பதிலுக்குக் காத்திராமல் மரியாவின் பக்கம் திரும்புகிறான். அப்பா ஏன் அப்படிச் செய்திருப்பார் என்று அவளிடம் கேட்டுவிட்டு, அவளையும் பதில் சொல்லவிடாமல் நட்சத்திரங்களைக் காட்டுகிறான்.

கோபம் சிரிப்பாக மாறியது எதனால்? வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு நாள் முழுவதையும் கொடுத்தாலும் தகும். லியோனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. அது என்ன என்பதை அர்கில்யா எழுதவில்லை. பாடநூல்கள் தரும் விடை, மருமகளைச் சோதிக்க அப்பா போட்ட திட்டம் என்பது. குலுங்கும் மாட்டு வண்டி, கொம்புள்ள காளை, இருட்டான கரடுமுரடு வழி: பட்டணத்துப் பெண் தாங்குவாளா? பொருத்தமான விடைதான். ஆனால் கதையில் வேறிரண்டு விடைகளுக்கும் சான்று கிடக்கிறது. அந்த வழியில் இரவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊரார் கண்ணில் படுவதற்கு முன் தன் கண்ணில் படவேண்டும் என்று ஒரு தந்தை நினைத்திருக்கலாம். மாடியறையில் அவர் கேட்கும் முதல் கேள்வியே வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்பதுதான். மூன்றாவது சாத்தியம் மென்மையானது. லியோன் படிக்கப் போவதற்கு முன் அப்பாவும் அவனும் இரவில் புல் அறுத்த வயல்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மகனை மீண்டும் அந்த வயல்களின் ஊடாக வீட்டுக்கு வரவைத்தார் என்றும் படிக்கலாம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி மாணவர்களை நெருக்க வேண்டாம். ஒரு மனிதருக்குள் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அவர்களில் யாராவது ஒருவர் சொல்வார்.

சிரிப்புக்குப் பிறகு பாட்டு. புல் அறுக்கும்போது அப்பாவோடு பாடிய நட்சத்திரப் பாட்டை லியோன் பாடுகிறான், மரியா சேர்ந்துகொள்கிறாள். அண்ணன் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று பால்தோ ஊகிக்கிறான். வண்டிச் சக்கரம் கல்லில் மோதும்போது அவள் குரல் தடுமாறுகிறது. மெல்லச் சிரித்துவிட்டு மறுபடி பாட்டைப் பிடித்துக்கொள்கிறாள். பின்னர் ஒரு கட்டத்தில், உங்கள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது, பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள். லியோன் தேற்றுகிறான். புரட்சியில் காயம்பட்ட கால் வலிக்கும் நேரம் தவிர, அப்பாவைப் போல் சாதுவான மனிதரைத் தான் கண்டதில்லை என்கிறான். சில நிமிடங்களில் வீடு வந்துவிடுகிறது. அப்பா எங்கே என்று கேட்டதும் அம்மாவின் முகம் மாறுகிறது: மாடியில் இருக்கிறார், கால் மறுபடி வலிக்கிறது. லியோன் எதை விலக்காகச் சொன்னானோ அதுவே நடந்துவிட்டது. சிறுகதையில் பதற்றம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மாணவர்களுக்குக் கிடைப்பது கடினம். முதலில் ஒரு நிபந்தனை, சில பத்திகள் தள்ளி அந்த நிபந்தனை நிறைவேறிவிட்ட செய்தி, இடையில் விளக்கம் ஏதுமில்லை.

அந்தக் காலில் ஒரு வரலாறும் இருக்கிறது. புரட்சி என்று அந்தத் தலைமுறையினர் சொன்னது 1896இல் ஸ்பெயினுக்கு எதிராகத் தொடங்கிய எழுச்சியை. 1898இல் விடுதலை அறிவிக்கப்பட்டது, 1899இல் அமெரிக்காவுடன் போர் மூண்டது, விடுதலை பறிபோனது. ஆக, ஸ்பெயினோடு போராடிய தந்தையின் மகன், அமெரிக்கர் வகுத்த கல்விமுறையில் மணிலாவில் படித்துவிட்டு ஊர் திரும்புகிறான். அவர்கள் கதையை அவர்கள் மண்ணில் பிறந்த ஒருவர் அமெரிக்கர் கொண்டுவந்த மொழியில் எழுதுகிறார். காலனிய வரலாறு கதைக்குள் ஒரு வலியாக, ஒரே வாக்கியத்தில் நுழைந்து போகிறது. ஆசிரியர்கள் இதை வைத்து நீண்ட விரிவுரை ஆற்ற ஆசைப்படுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். கதை கொடுத்த எடைக்கு மேல் நாம் ஏற்றினால் அது வேறு கதையாகிவிடும்.

இனி மாடியறை. விளக்கில்லை. மேற்கு ஜன்னலோரம் பெரிய கைவைத்த நாற்காலியில் அப்பா. ஜன்னல் வழியே நேராக ஒரு நட்சத்திரம் தெரிகிறது. பால்தோவைக் கண்டதும் சுருட்டை வாயிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் கவனமாக வைத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறார். யாரையாவது பார்த்தீர்களா என்று முதலில் கேட்கிறார். இரவில் ஓடை வழியாக யார் வருவார்கள் என்கிறான் சிறுவன். அடுத்து, கேட்காமலே ஒரு தகவலைத் தருகிறான்: அவள் மிகவும் அழகு. அப்பா அதை எடுத்துக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. லபாங்கைப் பார்த்து அவள் பயந்தாளா என்று கேட்கிறார். குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் அறை முழுக்க அந்தக் கேள்வி அதிர்ந்ததாகச் சிறுவனுக்குத் தோன்றுகிறது. அந்தக் கணத்தில் அவன் மனக்கண்ணில் தெரிவது கொம்புகள் மேல் பதிந்த மரியாவின் கண்களும் அவள் தோளைச் சுற்றிய அண்ணனின் கையும். இல்லை அப்பா, பயப்படவில்லை என்று பதில் சொல்கிறான்.

இந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மாணவர்கள் தங்கள் பழைய குறிப்புகளைப் புரட்டட்டும். தயக்கத்தை எழுதிவைத்தவர் முதலில் நிமிர்வார். பயந்தாள் அல்லவா? இவன் ஏன் இல்லை என்கிறான்? அங்கிருந்து வகுப்பு தானாகவே நடக்கும். பொய் சொன்னான் என்பார் ஒருவர். தயங்கினாலும் கடைசியில் தொட்டாளே, பயத்தை வென்றதைப் பயமின்மை என்று சொல்வதில் என்ன பொய் என்பார் மற்றொருவர். கதையைச் சொல்பவனே பால்தோதான் என்பதையும் யாராவது நினைவூட்டுவார்கள்: அப்பாவிடம் மறைத்ததை அவன் வாசகரிடம் மறைக்கவில்லை. கொம்பின் மேல் நின்ற கண்களைப் பதிலுக்கு முந்தைய வாக்கியத்தில் வைத்துவிட்டுத்தான் பதிலைச் சொல்கிறான். கதைசொல்லியை நம்பலாமா கூடாதா என்ற பாடநூல் கேள்வி இங்கே உடைந்து நுட்பமாகிறது. ஒரே ஆள், யாரிடம் பேசுகிறான் என்பதைப் பொறுத்து, ஒரே உண்மையின் வேறு வேறு அளவைத் தருகிறான்.

பால்தோ வேறு எதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை என்று ஒரு பட்டியல் போடச் சொல்லலாம். அண்ணன் தோளை இறுக்கியது, கயிற்றால் அடிப்பதாக மிரட்டியது, மரியா பயமாக இருக்கிறது என்று சொன்னது, நோயல் என்ற பெயர். இவற்றுக்குப் பதிலாக அவன் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவை: அழகு, நட்சத்திரங்கள், பாட்டு. அண்ணன் பாடினான் என்றதும் அப்பா எந்தப் பாட்டு என்று கேட்கிறார். பாட்டின் பெயரைச் சொன்னவன், அவளும் சேர்ந்து பாடினாள் என்று ஒட்டுகிறான். கேள்வியில் இல்லாத, கேட்டவருக்கு மிகவும் தேவையான தகவல் அதுதான். அப்பா மௌனமாகிறார். கீழேயிருந்து பெண்களின் தாழ்ந்த குரல்கள் கேட்கின்றன, அண்ணனின் குரலும் கேட்கிறது. அப்பாவின் இளவயதுக் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பால்தோ எண்ணிக்கொள்கிறான். சுருட்டு மறுபடி ஜன்னல் விளிம்புக்குப் போயிருக்கிறது.

மருமகள் சோதிக்கப்பட்டாள் என்று சொல்லும் வாசிப்பில், சோதனையின் ஒரே சாட்சி யார் என்பது கேட்கப்படுவதில்லை. அந்தச் சாட்சி முதல் பார்வையிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட சிறுவன். தந்தைக்கு அது தெரியாதா? கேட்காத தகவல்களைச் சிறுவன் முந்திக்கொண்டு தருவதை அவர் கவனித்திருப்பார். மகன் மருமகளுக்காக வாதாடுகிறான் என்பதே அவருக்கு வேண்டிய விடையாகவும் இருந்திருக்கலாம். இது என் ஊகம். கதையில் இதை உறுதிப்படுத்தும் வரி இல்லை. மறுக்கும் வரியும் இல்லை.

அவர் அவளை ஏற்றுக்கொண்டார் என்றும் கதை எங்கும் சொல்வதில்லை. லியோனும் மரியாவும் உள்ளே வந்ததும் அவர் பேசுவது பால்தோவிடம்: லபாங்குக்குத் தண்ணீர் காட்டினாயா? இல்லையென்று தெரிந்ததும், மகனே என்று அழைத்து, போய்க் காட்டச் சொல்கிறார். சிறுவனை அறையைவிட்டு அனுப்பும் கட்டளை அது. பால்தோவோடு நாமும் வெளியேற்றப்படுகிறோம். உள்ளே நடந்தது நமக்குத் தெரியாது. ‘மகனே’ என்ற கனிந்த விளியை வைத்து நன்றாகவே முடிந்திருக்கும் என்று நம்பலாம். ஆனால் மாணவர் அந்த நம்பிக்கையைச் செய்தியாக எழுதினால், கதையில் எந்த வரி என்று ஆசிரியர் கேட்டே தீரவேண்டும்.

அடுக்களைக் காட்சியைத் தவறவிடக் கூடாது. மாடிக்குப் போகும் வழியில் அம்மா, அவ்ரேலியா, மரியா மூவரையும் பால்தோ பார்க்கிறான்; எல்லோரும் அழுவதுபோல் அவனுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான், அவன் போய்விடுகிறான். மூன்று பெண்கள் சேர்ந்து அழுவதற்கு என்ன பேசியிருப்பார்கள்? ஆணின் கட்டளைக்கு ஓடும் சிறுவனின் பார்வையில் அது ஒரு வாக்கியத்துக்குமேல் நீடிக்கவில்லை. மரியாவின் பார்வையில் கதையை மாற்றி எழுதுங்கள் என்ற பயிற்சி இப்போது பல வகுப்புகளில் தரப்படுகிறது. நல்ல பயிற்சிதான், ஆனால் கடைசியில் தரவேண்டியது. கொம்பைப் பார்த்துத் தயங்கியதையும் பாட்டின் நடுவே குரல் தடுமாறியதையும் கவனிக்காத மாணவர் எழுதும் மரியா, தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தவளாக இருப்பாள். கவனித்தவர் எழுதினால், ஓடைப் படுகையில் கணவன் எதற்காகச் சிரித்தான் என்று தெரியாமல் அவனோடு சேர்ந்து நட்சத்திரம் பார்த்த பெண் கிடைப்பாள். தன்னை வைத்து ஒரு திட்டம் நடக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே என்ற கோபம் அந்தப் பக்கங்களில் வந்தால் அதை வரவேற்க வேண்டும்.

இந்தக் கதையை மட்டும் படித்துவிட்டு அர்கில்யாவைக் கிராமத்து அழகின் பாடகர் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. மருந்து அவர் எழுத்திலேயே இருக்கிறது. ‘நக்ரெப்கானில் காலை’ என்ற கதை அதே ஊரில் நடக்கிறது. அங்கும் பால்தோ என்ற பெயரில் ஒரு சிறுவன் இருக்கிறான். அந்த வீட்டில் தந்தை கோபவெறியில் நாய்க்குட்டியைக் கொல்கிறார். பிள்ளையையும் மனைவியையும் அடிக்கிறார். ‘அரிசி’ என்ற கதையில் பாப்லோ என்ற குத்தகை விவசாயியின் சறுக்குவண்டி தானியமில்லாமல் வெறுமையாக வீடு திரும்புகிறது. அவை எழுதப்பட்ட 1930களில் மத்திய லூசோனில் குத்தகைதாரர் கொந்தளிப்பு ஓங்கியிருந்தது. 1935 மே மாதத்தில் சக்தாலிஸ்தா இயக்கத்தினர் ஆயுதமேந்தி எழுந்தார்கள். எழுத்தாளர்களுக்குள்ளும் பிளவு இருந்தது. ஹோசே கார்சியா வில்யா கலையின் தூய்மையை முன்வைத்தார். சல்வதோர் லோப்பெஸ் இலக்கியம் சமூகத்துக்குப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்று வாதாடினார். லோப்பெஸின் ‘இலக்கியமும் சமூகமும்’ நூல் அர்கில்யாவின் தொகுப்பு பரிசு பெற்ற அதே 1940 போட்டியில் கட்டுரைப் பிரிவில் வென்றது. நாய்க்குட்டியின் கதையைப் படித்துவிட்டு மாடியறைக்குத் திரும்பும் மாணவருக்கு இருட்டில் உட்கார்ந்திருக்கும் தந்தை வேறு மாதிரித் தெரிவார். அந்த ஊரில் ஒரு தந்தையின் குரலுக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்பது அவருக்கு இப்போது தெரியும்.

ஒப்பிட்டுப் படிக்க ஒரே ஒரு கதைக்குத்தான் நேரம் என்றால் வில்யாவின் ‘இளமைக்கு ஓர் அடிக்குறிப்பு’ கதையைத் தேர்ந்தெடுப்பேன். 1933இல் நியூயார்க்கில் வெளியான அவருடைய தொகுப்பின் தலைப்புக் கதை அது. பதினேழு வயது தோதோங், தேயாங்கை மணக்கப்போவதாக அப்பாவிடம் சொல்கிறான். அப்பா பல்வலியோடு மௌனமாக இருந்துவிட்டு இணங்குகிறார். ஆண்டுகள் கழிந்து அவன் மகன் பிளாஸ் அதே செய்தியோடு வந்து நிற்கிறான். தடுக்க நினைத்தும் தோதோங்கால் தடுக்க முடியவில்லை. இரு கதைகளிலும் தந்தையின் உடம்பில் ஒரு வலி, இரண்டிலும் மகனின் திருமணம், இரண்டிலும் அதிகம் பேசாத இரவு. வில்யா தந்தையின் மனத்துக்குள் நம்மை நுழையவிடுகிறார். அர்கில்யா அந்தக் கதவைக் கடைசிவரை திறப்பதில்லை. சிறுவனைக் கதைசொல்லியாக வைத்ததால் அவருக்குக் கிடைத்தது என்ன, அவர் இழந்தது என்ன என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம்.

அர்கில்யாவின் முடிவைப் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் வழக்கம் உண்டு. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது அரசு அலுவலில் இருந்துகொண்டே அவர் மறைவாகக் கெரில்லா உளவுப் பணியில் ஈடுபட்டார். 1944 ஆகஸ்டில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்து மூன்று. மாணவர்கள் இதைக் கட்டாயம் அறியவேண்டும். ஆனால் முதலில் அறிந்துவிட்டால் தியாகியின் கதை என்ற பணிவோடு படிப்பார்கள், பால்தோவின் பதிலைக் குறுக்கு விசாரணை செய்யத் தயங்குவார்கள். கதை விவாதிக்கப்பட்ட பிறகு சொன்னால் இழப்பு எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்கே தெரியும். இப்படிக் கதவுகளை மூடத் தெரிந்த ஒருவர் இன்னும் எத்தனை கதைகள் எழுதியிருக்கக்கூடும் என்று அவர்களே கேட்பார்கள்.

கடைசியாகத் தேர்வுத்தாள். அதில் என்ன கேள்வி வரும் என்பதை வைத்துத்தான் மாணவர்கள் எப்படிப் படிப்பது என்று முடிவு செய்கிறார்கள். ‘தந்தை வைத்த சோதனையில் மரியா எவ்வாறு வெற்றி பெற்றாள்’ என்ற கேள்விக்கான விடை குறிப்புதவி நூல்களில் தயாராக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இப்படிக் கேட்கலாம்: லபாங்கைக் கண்டு மரியா பயந்தாளா என்ற கேள்விக்குப் பால்தோ இல்லை என்கிறான், அவன் கண்டதையும் சொன்னதையும் ஒப்பிட்டு, அந்தப் பதிலை யாருக்காகச் சொன்னான் என்று எழுதுக. மரியாவுக்காக, அண்ணனுக்காக, அப்பாவுக்காக, தனக்காக என்று நான்கு விதமாகவும் எழுத இடமிருக்கிறது. எந்த விதமாக எழுதினாலும், கதையில் அதற்கான இடத்தை எடுத்துக்காட்டியவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.